புதுப்பிப்பு: அம்மாவின் ஓயாத அசதி

குளித்துவிட்டு வந்தாலே ஈரத்தலையோடு கட்டிலில் சாய்ந்துவிடும் 74 வயது அம்மாவின் அசதி முதுமையால்தானா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 கிராம்தான் இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வைட்டமின் பி12-உம் மிகக் குறைவு. சைவ உணவு ஒரு காரணமாக இருக்கலாம்; அதோடு, சர்க்கரைக்காகப் பல ஆண்டுகளாக எடுத்துவரும் மெட்ஃபார்மின், குடல் பி12-ஐ உறிஞ்சுவதைக் குறைத்திருக்கலாம் என்று மருத்துவர் விளக்கினார். அந்த மாத்திரையை நிறுத்தாமலே பி12 ஊசி தொடங்கியிருக்கிறார்கள்.

சிலர் பரிந்துரைத்த ஃபோலிக் அமில மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். பி12 குறைந்திருக்கும்போது அதை மட்டும் கொடுத்தால், ரத்தம் தேறியதுபோல் தெரிந்தாலும் நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் வளரக்கூடுமாம். அம்மாவுக்கோ ஏற்கெனவே பாதம் மரத்துப்போகிறது. அசதி சற்றுக் குறைந்திருக்கிறது. மரமரப்பு அப்படியே இருக்கிறது.