ஓட்டுக்கு உள்ளூர், ஃபீஸுக்கு மட்டும் வெளியூரா?

வேளச்சேரி அப்பா:
அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் பிள்ளைக்கு இன்-ஸ்டேட் ஃபீஸ், அதாவது அந்த மாநிலத்துக்காரர்களுக்கான குறைந்த கல்லூரிக் கட்டணம், தானாகக் கிடைக்கும் என்று இங்கே ஒருவர் அடித்துச் சொன்னார். என் மகன் கலிஃபோர்னியாவில் பிறந்து ஆறு வயதில் எங்களோடு சென்னைக்கு வந்தவன். இப்போது கல்லூரியில் வெளிமாநிலத்தான் என்கிறார்கள். நான் இன்றைக்கும் அந்த மாநிலத்தில்தான் ஓட்டுப் போடுகிறேன். ஓட்டுக்கு நான் உள்ளூர், ஃபீஸுக்கு வெளியூரா?

சான்ஹோசேக்காரன்:
ஓட்டை விடுங்கள் சார். யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழக விதிப்படி குறைந்தது 366 நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும், அங்கேயே தங்கப்போவதற்குச் சான்றும் வேண்டும். இல்லையென்றால் 2024-25 கணக்கில் வருடத்துக்குக் கூடுதலாக 34,200 டாலர். மாநில வரி கட்டுவது நாங்கள், சலுகை உங்களுக்கா?

வேளச்சேரி அப்பா:
வரியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நீங்கள் எச்-ஒன் விசாவுக்கு வரிசையில் நின்ற காலத்திலேயே நான் அங்கே பதினோரு வருடம் கட்டியவன், ஃபெடரல் ரிட்டர்ன், அதாவது மத்திய அரசுக்கான வரிக்கணக்கு, இப்போதும் போடுகிறேன். நான் கேட்டது ஓட்டைப் பற்றி.

டாலஸ் அக்கா:
அண்ணா, அந்த ஓட்டு 1986ஆம் வருடச் சட்டம் தந்தது, வெளிநாட்டில் இருப்பவர் கடைசியாகக் குடியிருந்த மாநிலத்தில் போடலாம். அந்த ஓட்டைக் காட்டி உங்களிடம் வரி கேட்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. வரி என்றால் நான் அங்கே இல்லை, ஃபீஸ் என்றால் இருக்கிறேன் என்பது என்ன நியாயம்?

கோவைத் தம்பி:
குடியேற்றப் பேப்பர் இல்லாத பிள்ளைகளுக்கே அந்த ஃபீஸைக் கொடுக்கிறார்கள், சிட்டிசனுக்கு இல்லையாம்!

சான்ஹோசேக்காரன்:
தம்பி, பாதியைப் படித்துவிட்டு வராதீர்கள். 2001இல் வந்த ஏபி 540 என்ற கலிஃபோர்னியா சட்டம் அங்கேயே மூன்று வருடம் ஹைஸ்கூல் படித்து முடித்தவர்களுக்கு. வேறு மாநிலத்துக்குப் போய்விட்ட சிட்டிசனுக்கும் அது பொருந்தும், 2010இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமே செல்லும் என்றுவிட்டது. சென்னையில் பிளஸ் டூ படித்தால் எப்படிக் கிடைக்கும்?

வேளச்சேரி அப்பா:
சென்னை என்றால் உங்களுக்கு இளக்காரமா? போன மாதம் வீட்டுக்கடன் விவாதத்திலும் இப்படித்தான் பேசினீர்கள், நான் மறக்கவில்லை.

டாலஸ் அக்கா:
வீட்டுக்கடன் எங்கே வந்தது இதில்?

வேளச்சேரி அப்பா:
அவரைக் கேளுங்கள். என் ஓட்டுச்சீட்டில் கலிஃபோர்னியா என்றுதான் அச்சடித்து வருகிறது. அதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.