சாய்ந்த ஃபேசியா பலகையில் மாட்டிய கட்டர் முன்பக்கம் வழிகிறது, உதவுங்கள்

கோபிக்காரர், டொராண்டோ:
வணக்கமுங்க. ஊரிலிருந்து வந்து ஓராண்டுதான் ஆகிறது. பழைய வீடொன்றை வாங்கி, சென்ற வாரம் கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் அலுமினியக் கட்டரை நானே மாட்டினேன். கட்டரைத் தாங்கும் ஃபேசியா பலகை, அதாவது கைமர நுனிகளை மூடும் பலகை, செங்குத்தாக இல்லை. அதன் மேல்விளிம்பு வெளியே நீட்டியும் கீழ்விளிம்பு சுவரை நோக்கி உள்வாங்கியும் இருப்பதால், கட்டரின் வெளி உதடு கவிழ்ந்து, நேற்றைய மழை முழுவதும் முன்பக்கமாகவே கொட்டிவிட்டது. பேஸ்மென்ட் (நிலவறை) சுவரில் ஈரம் தெரிகிறது. கைக்குழந்தை அங்கேதான் உறங்குகிறது. நாளை மறுநாள் மீண்டும் மழை என்கிறார்கள். என்ன செய்வது?

பெருந்துறைக்காரர், எட்மண்டன்:
தம்பி, வந்தவுடன் வீடு வாங்கியிருக்க வேண்டாம். நான் முதல் ஆண்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தபோது, உருகிய பனிநீர் உள்ளே வந்து அரிசி மூட்டையின் அடிப்பாகம் முழுவதும் புளித்துப்போனது. அந்த வாடை இன்னும் மறக்கவில்லை. இப்போதைக்குக் கட்டரைக் கழற்றிவிடுங்கள்.

பொள்ளாச்சிக்காரர், மிசிசாகா:
கழற்றக் கூடாதுங்க அண்ணா. ஊரில் ஓட்டு இறவாரத்துக்குக் கீழே அண்டா வைத்து நீர் பிடிப்போம்; இங்கே அந்த நீர் சுவரை ஒட்டி இறங்கினால் நேராக பேஸ்மென்ட்டுக்குத்தான் வரும். கூரைமேல் திருகும் பட்டைக் கொக்கியில் தொங்கவிட்டால் பலகையின் சாய்வைப் பற்றிக் கவலையே இல்லை.

சென்னிமலைக்காரர், பிராம்டன்:
பட்டைக் கொக்கிக்கு ஷிங்கிளை, அதாவது கூரைமேல் வேய்ந்த தட்டுகளை, தூக்க வேண்டும். பழையது ஒடிந்தால் அந்த இடத்தில் ஒழுகும். ஊரில் சொல்லியனுப்பினால் ஆசாரி மாலைக்குள் வந்து பார்ப்பார். இங்கே நான் மூவரை அழைத்தேன். ஒருவர் மட்டும் வந்து, பலகையையே மாற்ற வேண்டுமென்று பெருந்தொகை கேட்டார்.

பொள்ளாச்சிக்காரர், மிசிசாகா:
என்னிடம் முன்பணம் வாங்கியவர் ஒரு மாதம் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

உடுமலைக்காரர், ஹாமில்டன்:
கேட்டவரிடம் திரும்புவோம். இங்கே தச்சு வேலை செய்கிறேன். கூரைச் சரிவு எவ்வளவு, இறக்குக்குழாய் எங்கே முடிகிறது என்ற இரண்டையும் நீங்கள் சொல்லவில்லை. ரசமட்டத்தைக் கூரையின் சரிவுப் பக்கமாக மட்டமாகப் பிடித்து, 12 அங்குலத் தொலைவில் கூரை எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்து சொல்லுங்கள்.

கோபிக்காரர், டொராண்டோ:
5 அங்குலம் இறங்குகிறது. குழாய் சுவரிலிருந்து அரையடியில் முடிகிறது.

உடுமலைக்காரர், ஹாமில்டன்:
அப்படியானால் பலகைக்கும் கட்டருக்கும் இடையே ஆப்பு வைத்துச் சாய்வைச் சரிசெய்யலாம். 3 அங்குல உயர ஆப்புக்கு அடிப்பக்கம் ஒன்றேகால் அங்குலம் தடிமன் வேண்டும். மேல்முனை கூராக இருக்கட்டும். தடித்த பக்கம் கீழே வருமாறு ஒவ்வொரு கொக்கிக்கும் பின்னால் ஓர் ஆப்பை வைத்தால் கட்டரின் முதுகு செங்குத்தாகும். நீளமான திருகாணி ஆப்பையும் பலகையையும் கடந்து கைமரத்தைப் பிடிக்க வேண்டும். வெறும் பலகையில் நின்றால் பனிப் பாரத்தில் பிடுங்கிக்கொள்ளும். கொக்கிகள் 2 அடிக்கு ஒன்று என்பது சாதாரணக் கணக்கு, பனி விழும் ஊரில் அதைவிட நெருக்கமாக வையுங்கள். நூல் பிடித்து, குழாயை நோக்கி 10 அடிக்கு 2 நூல் (கால் அங்குலம்) வாட்டம் கொடுங்கள். கூரை விளிம்புத் தகடு கட்டருக்குள் இறங்கட்டும். வெளி உதடு கூரைச் சரிவின் கோட்டுக்குக் கீழேயே இருந்தால்தான் வழுக்கி வரும் பனி அதை இழுக்காது.

இன்றைக்கு ஏணி வேண்டாம். குழாயின் நுனியில் நீட்டுக்குழாய் பொருத்தி, நீர் 6 அடி தள்ளி, சரிந்த தரையில் விழுமாறு செய்யுங்கள். கழிவுநீர்க் குழாயில் விடாதீர்கள், டொராண்டோவில் அதற்கு அனுமதியில்லை. குழந்தையை இன்றிரவே மேல்தளத்துக்கு மாற்றுங்கள்.