10க்கு 12 அறைக்கு எத்தனை இஞ்ச் ஊஃபர் சரி? உதவி தேவை

சேலம் அம்மாபேட்டையில் வீடு. மாடி அறை ஒன்றைப் பாட்டு கேட்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். நீளம் 12 அடி, அகலம் 10, உயரமும் 10, கான்கிரீட் தளம், தரையில் டைல்ஸ். இருப்பது 8 இஞ்ச் ஊஃபர் (கீழ்ச் சத்தத்துக்கான ஸ்பீக்கர்), ஓட்டை வைத்த போர்ட் பாக்ஸ், மூலையில் நிற்கிறது. நாற்காலி பின்சுவரை ஒட்டி. பேஸ் கிடார் ஓடும்போது ஏதோ ஒன்றிரண்டு சுரத்தில் மட்டும் அறையே கும்மென்று அதிர்கிறது, அதற்கும் கீழே இறங்கினால் சத்தமே இல்லை. கடையில் 12 இஞ்ச் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர், அதுவும் யோசனை. என்ன வாங்கலாம்?

பதில் (சூரமங்கலம்):
சின்ன அறைக்கு 12 இஞ்ச் வேண்டாம் நண்பா, கும்மல் இன்னும் கூடும். 8 போதும்.

பதில் (ஏற்காடு):
சூரமங்கலம் சார், கும்மலுக்குக் காரணம் இஞ்ச் இல்லை, அறை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது, அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் எந்த அதிர்வெண்ணில் அறை கும்மென்று அதிரும் என்று தெரிந்துவிடும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56. தம்பி அறையில் அகலமும் உயரமும் ஒன்று, அதனால் 56 இரண்டு பக்கமும் சேர்ந்து அடிக்கிறது. எந்த ஊஃபரை வைத்தாலும் அந்த 56 அங்கேயேதான் இருக்கும். பேஸ் கிடாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ், அதனால் பாட்டு அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய்வருகிறது.

தம்பி, முதலில் காசு செலவில்லாத வேலை. மூலையிலிருந்து பாக்ஸை எடுத்து 10 அடிச் சுவரின் நடுவில் வையுங்கள், அகலத்தால் வரும் 56 நன்றாக அடங்கும். உயரத்தால் வருவது கொஞ்சம் மிஞ்சும். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னே தள்ளுங்கள், ஆனால் சரிபாதியில் உட்கார வேண்டாம், அங்கே 47 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். சுவரில் மெல்லிய ஃபோம் ஒட்டச் சொன்னால் ஒட்டாதீர்கள். 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 6 மீட்டர், ஒரு இஞ்ச் ஃபோமுக்கு அது கட்டுப்படாது.

கேட்டவர்:
மாற்றி வைத்தேன் அண்ணா. கும்மல் பாதிக்கு மேல் போய்விட்டது, மிருதங்கத்தின் தொப்பி தனியாகக் கேட்கிறது! ஆனால் கீழ்ச் சத்தம் இன்னும் இல்லை.

பதில் (ஏற்காடு):
அதுதான் பாக்ஸும் இஞ்சும் பேச வேண்டிய இடம். போர்ட் பாக்ஸின் சத்தம், அதன் ஓட்டைக்கு அமைத்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபெல் வீதம் விழும், மூடிய சீல்டு பாக்ஸ் 12 தான். தம்பி அறை மாதிரி சின்ன, மூடிய அறையில் 47க்குக் கீழே அறையே கொஞ்சம் தூக்கிவிடும், சீல்டு பாக்ஸுக்கு அது நன்றாகப் பொருந்தும். ஒரு ஆக்டேவ் கீழே அதே சத்தம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும், 8 இஞ்ச் கோன் (ஊஃபரின் முன்னும் பின்னும் அசையும் முகம்) அங்கேதான் திணறுகிறது. 12 இஞ்சின் பரப்பு அதைப்போல் 2.25 மடங்கு, 10 இஞ்ச் என்றால் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்.

என் கருத்து, 10 இஞ்ச், சீல்டு பாக்ஸ், கிராஸ் ஓவர் (ஊஃபரும் மற்ற ஸ்பீக்கர்களும் சத்தத்தைப் பிரித்துக்கொள்ளும் எல்லை) 80 ஹெர்ட்ஸில். பெரிய பாக்ஸுக்கு இடம் இருந்தால் 12ம் தப்பில்லை, கோன் குறைவாக அசைந்து நிதானமாகப் பாடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இஞ்ச் கணக்கில்லை, சத்தம்தான் கணக்கு, இரவில் குறைத்து வையுங்கள். வாங்கும்போது கோனின் ஓரத்து வளையம் ரப்பரா என்று பாருங்கள். எங்கள் மலை ஈரத்தில் ஃபோம் வளையம் பொடிப்பொடியாக உதிர்கிறது, சேலத்து வெயிலும் அதற்கு ஆகாது.

கேட்டவர்:
அப்போது 10 இஞ்ச் சீல்டு, ரப்பர் வளையம். பழைய 8 இஞ்சைக் கீழே ஹாலில் டிவிக்குப் போட்டுவிடுகிறேன். ரொம்ப நன்றி அண்ணா.