தினமும் தண்ணி விட்டும் பாத்தி காயுது, பீன்ஸ் பூ கொட்டுது – கோத்தகிரி பக்கம், உதவி தேவை

கேள்வி: கோத்தகிரி தோட்டம்

வணக்கம்ங்க. எங்க வீட்டுக்குக் கீழ சரிவுல 5 சென்ட் இடம். அஞ்சு படியா வெட்டியிருக்கு, ஒவ்வொரு படியும் ஏறக்குறைய ஒரு சென்ட் வரும். மேல முதல் படியில வளர்ந்த கேரட், ரெண்டாவதுல புதுசா கேரட் விதைச்சிருக்கேன். மூணாவது கொத்து பீன்ஸ், நாலாவது முட்டைக்கோஸ், கடைசியில பீட்ரூட். டிசம்பரோட மழை நின்னுபோச்சு. இப்ப மாசி வெயிலும் காத்தும் சேர்ந்து மண்ணுல ஈரமே தங்க விடமாட்டேங்குது.

தினமும் சாயங்காலம் அரை இஞ்ச் ஹோஸ்ல அரை மணி நேரம் அஞ்சு படிக்கும் தண்ணி விடுறேன். விட்டு முடிக்கிறப்ப மண் கருகருன்னு நல்லாத்தான் நனைஞ்சு தெரியுது. மறுநாள் மதியம் பார்த்தா பீன்ஸ் இலை தொங்கிடுது, பூவும் கொட்டுது. அதுலயும் படியோட வெளி ஓர வரிசைதான் முதல்ல வாடுது, உள்பக்கம் இருக்கறது பரவாயில்ல. இன்னைக்குக் கொத்தால கிளறிப் பார்த்தேன், ரெண்டு விரல்கடைக்குக் கீழ வெறும் புழுதி!

தண்ணி ஊத்துல இருந்து வருது. ராத்திரியில 1000 லிட்டர் தொட்டி நிரம்பிடும். சொட்டு நீர் போட்டா சரியாகுமா? இல்ல மண்ணுலயே ஏதாவது கோளாறா?

பதில்: குன்னூர்

முதல்ல சாயங்காலம் விடறதை நிறுத்துங்க. நம்ம குளிருக்கு ராத்திரி முழுக்க இலையில ஈரம் நின்னா கருகலும் இலைப்புள்ளியும் வரும். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி விடுங்க, அதுவும் இலை மேல படாம அடியில.

பதில்: கேத்தி விவசாயி

தங்கச்சி, சொட்டு நீர் பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

ஹோஸ்ல 20 லிட்டர் பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகுது? காலை 7 மணிக்கு இலை நிமிர்ந்திருக்கா, அப்பவும் வாடியே இருக்கா? பக்கத்துல தைலமரம் இருக்கா? காய்ஞ்ச மண்ணு மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டா உடனே உள்ள போகுதா, மேலேயே நிக்குதா?

கோத்தகிரி தோட்டம்

பக்கெட் நிரம்ப ரெண்டரை நிமிஷம் ஆச்சு. காலையில எல்லாம் நிமிர்ந்துதான் இருக்கு, வெளி ஓரத்து ரெண்டு வரிசை பீன்ஸ் மட்டும் அப்பவும் துவண்டு கிடக்கு. பீன்ஸ் படிக்குப் பக்கத்து எல்லையில ரெண்டு பெரிய தைலமரம் நிக்குது. சொட்டு விட்டுப் பார்த்தேங்க, முத்து மாதிரி உருண்டு மேலேயே நிக்குது, உள்ள இறங்கவே மாட்டேங்குது.

பதில்: கேத்தி விவசாயி

இப்ப விஷயம் புரியுது. உங்க தோட்டத்துக்குத் தண்ணி போய்ச் சேரவே இல்லம்மா.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் விட்டா அது 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஒரு சென்ட்னா சுமார் 40 சதுர மீட்டர், 5 சென்ட் 200. உங்க ஹோஸ் நிமிஷத்துக்கு 8 லிட்டர் தருது, அரை மணிக்கு 240 லிட்டர். அதை 200 சதுர மீட்டருக்குப் பரப்பினா 1.2 மில்லிமீட்டர்தான். அது ஒரு தூறல். மேல்மண்ணைக் கருப்பாக்கிட்டு மறுநாள் பத்து மணிக்குள்ள காத்தோட போயிடும். இந்தப் பருவத்துல நம்ம மலையில காய்கறிக்கு ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் தேவைன்னு வச்சுக்குங்க. தினமும் தூறல் போட்டா வேரும் மேலேயே படரும், அப்புறம் ஒரு நாள் வெயிலைக்கூடத் தாங்காது.

அதனால தினமும் அஞ்சு படிக்கும் விடாதீங்க. ஒரு நாளைக்கு ஒரே ஒரு படி, அதுக்கு 800 லிட்டர். அது 20 மில்லிமீட்டர், அஞ்சு நாள் தேவைக்குச் சரியா இருக்கும். ஆறாம் நாள் மறுபடி முதல் படிக்கு வருவீங்க. தொட்டியில 1000 லிட்டர் இருக்கறதால ஊத்துத் தண்ணியே போதும்.

ஆனா 800 லிட்டரையும் ஒரே மூச்சுல விட்டா வழிஞ்சு கீழ்ப்படிக்குப் போயிடும். உங்க மண்ணு தண்ணியைத் தள்ளுது, அதுக்குத்தான் அந்தச் சொட்டு சோதனை. அஞ்சு விநாடிக்கு மேல சொட்டு நின்னாலே அப்படித்தான் அர்த்தம். இலைமக்கு அதிகமா இருக்கற மண்ணு ஒருதடவை சுத்தமா காய்ஞ்சுட்டா இப்படி ஆகும், தைலமரச் சருகு விழற இடத்துல இன்னும் மோசம். கொத்தால மேல ஒரு இஞ்ச் லேசா கீறி விடுங்க, வேர்ல படாம. பூவாளி மூக்கை ஹோஸ்ல மாட்டி அஞ்சு நிமிஷம் நனைச்சிட்டு நிறுத்துங்க. இருபது நிமிஷம் கழிச்சு மறுபடி விடுங்க. முதல் நனைப்பு உள்ள போயிட்டா அப்புறம் மண்ணு தானா இழுத்துக்கும். முடிஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுத் தோண்டிப் பாருங்க, அரை அடி ஈரம் போயிருக்கணும். அது வரைக்கும் கண்ணால மேல்மண்ணைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

வெளி ஓரம் ஏன் முதல்ல வாடுதுன்னா, படி வெட்டுறப்ப உள்பக்கத்து மண்ணை வெட்டி வெளியில கொட்டித்தான் சமன் பண்ணுவாங்க. வெளி ஓரம் கொட்டின மண்ணு, இளகலா இருக்கும், பக்கவாட்டுலயும் காத்து பட்டுக் காயும். மண் அரிக்காம இருக்க நம்ம மலையில படியை உள்சாய்வாத்தான் வைப்பாங்க, அதனால விடுற தண்ணியும் உள்பக்கமே ஓடும். ஓரத்துல நாலு இஞ்ச் உயரத்துக்கு வரப்பு கட்டுங்க, படிக்குக் குறுக்கேயும் சின்னச் சின்ன வரப்பு போட்டுப் பாத்தியா பிரிச்சுக்குங்க. வெளிப் பாத்தியை முதல்ல நிரப்புங்க. ஆனா ஓரத்துல தண்ணி குளமா தேங்கக்கூடாது, மேடு சரிஞ்சு விழுந்துடும். மேட்டுச் சரிவுல இருக்கற புல்லை எக்காரணம் கொண்டும் செதுக்காதீங்க.

மதிய வாட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். காலையில நிமிர்ந்திருந்தா செடி நல்லாத்தான் இருக்கு. காலையிலயும் துவண்டிருக்கற அந்த ரெண்டு வரிசைக்கு நாளைக்கே தண்ணி கொடுங்க. பூ விடுற பீன்ஸ்தான் உங்க தோட்டத்துல காத்திருக்க முடியாத பயிர், பீட்ரூட் ரெண்டு நாள் பொறுக்கும்.

பதில்: பூம்பாறை, கொடைக்கானல்

அண்ணன் சொன்னதோட மூடாக்கையும் சேர்த்துக்குங்க. எங்க பூண்டுப் படிகள்லயும் இதே கதைதான், காத்து அடிக்கிற பக்கம் முதல்ல காயும். காய்ஞ்ச புல்லை ரெண்டு இஞ்ச் கனத்துக்குப் பரப்புங்க, தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். தைலமரச் சருகு கூடவே கூடாது. கிக்குயு புல்லைப் பச்சையா தண்டோட போட்டுடாதீங்க, கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பாத்தியையே பிடிச்சுக்கும். மண்ணு நனைஞ்ச பிறகுதான் மூடணும். காய்ஞ்ச மண்ணை மூடினா விடுற தண்ணி புல்லோட நின்னுடும்.

பதில்: குந்தா

தொட்டியைத் திறந்து வைக்காதீங்க அக்கா. இந்த வறட்சியில காட்டெருமை தண்ணிக்கு வந்தா பைப்பையும் மிதிச்சு உடைச்சிடும். ஹோஸைச் சுருட்டி உள்ள எடுத்து வச்சிடுங்க.

கோத்தகிரி தோட்டம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாளைக்குக் காலையில பீன்ஸ் படியிலிருந்து ஆரம்பிக்கிறேன், வரப்பும் கட்டிடறேன். ரெண்டு சந்தேகம். ரெண்டாவது படியில கேரட் விதை இன்னும் முளைக்கல, அதுக்கும் அஞ்சு நாளைக்கு ஒருதடவைதானா? அப்புறம் சொட்டு நீர் வேண்டவே வேண்டாமா?

பதில்: கேத்தி விவசாயி

விதைச்ச படிக்கு இந்தக் கணக்கு ஆகாதும்மா, நல்லவேளை கேட்டீங்க. கேரட் விதை கால் இஞ்ச்சுக்கு மேல ஆழத்துல இல்ல, முளைக்கப் பத்துப் பதினைந்து நாள் எடுக்கும். அதுக்குள்ள மேல்மண் ஒருதடவை காய்ஞ்சு ஆடை கட்டினாலும் முளை வெளிய வராது. அந்தப் படிக்கு மட்டும் பூவாளியால தினமும் காலையில லேசா தெளிங்க, ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்க. தினமும் சாக்கைத் தூக்கிப் பாருங்க, முதல் முளை தெரிஞ்ச அன்னைக்கே எடுத்துடணும். முளைச்சு மூணு இலை வந்த பிறகு மெல்ல இடைவெளியைக் கூட்டுங்க.

முதல் படியில வளர்ந்த கேரட்டுக்கு அதுக்கு நேர்மாறான கவனம் வேணும். காய்ஞ்சு கிடந்த கிழங்குக்குத் திடீர்னு 800 லிட்டர் விட்டா நெடுக வெடிச்சிடும். முதல் வாரம் 400, 400ஆ ரெண்டு நாள் பிரிச்சுக் கொடுங்க.

சொட்டு நீர் பீன்ஸுக்கும் கோஸுக்கும் நல்லதுதான், நெருக்கி விதைச்ச கேரட்டுக்குத் தெளிப்புதான் சரி. தொட்டி தோட்டத்தைவிட 10 மீட்டர் உயரத்துல இருந்தா சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் தானா கிடைக்கும், மோட்டார் வேண்டாம். லேட்டரல் பைப்பை, அதாவது செடி வரிசையோட போற சொட்டுக் குழாயை, சரிவுல இறக்காம படியோட நீளத்துக்கு மட்டமா போடணும், இல்லன்னா கீழ்ப்பக்கம் மட்டும் கொட்டும். ஊத்துத் தண்ணியில வண்டல் வரும், ஃபில்டர் கட்டாயம். சிறு குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம் மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், தாசில்தார் கிட்ட வாங்கின சிறு குறு விவசாயி சான்று எடுத்துக்கிட்டு தோட்டக்கலைத் துறை ஆபீஸ்ல கேளுங்க. கோடை மழை வர்றதுக்குள்ள அது கைக்கு வராட்டியும் பரவாயில்ல, பீன்ஸைக் காப்பாத்த இந்த ஹோஸும் வரப்புமே போதும்.