சாமியார்பேட்டை மணல் மனையில் ஓய்வுக்கால வீடு: பட்டறை ஷெட், விருந்தாளிகளுக்குத் தண்ணீர், கார் வழி – எதை முதலில் செய்வது?

மணல்வீடு:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டக் கடற்கரையில் சாமியார்பேட்டைக்கு மேற்கே, கடலிலிருந்து 900 மீட்டர் உள்ளே 50 சென்ட் மனை. 1,000 சதுர அடி தளம் போட்ட வீடு முடிந்துவிட்டது. வைகாசியில் நானும் வீட்டுக்காரம்மாவும் குடிபோகிறோம். மனை முழுக்க மணல். பங்குனி பிறந்தால் பாலைவனம்தான்.

தச்சு வேலைக்கும் சின்ன வெல்டிங் வேலைக்கும் 12க்கு 16 அடியில் ஒரு ஷெட் போட வேண்டும். சவுக்குக் கம்பும் கீற்றும் போதுமா, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும் ஷீட்டும் போடலாமா? காற்றோட்டத்துக்கு எந்தப் பக்கம் திறந்து விடுவது? பொங்கலுக்கும் மே லீவுக்கும் பிள்ளைகள், சம்பந்தி வீட்டார் என்று 10 பேர் வந்து தங்குவார்கள், அப்போது தண்ணீர் எப்படிச் சமாளிப்பது? செப்டிக் டேங்க் வாஸ்துப்படி வடமேற்கில் இருக்கிறது. போர்வெல் வடகிழக்கில் போடச் சொல்கிறார்கள், இன்னும் போடவில்லை. சாலையிலிருந்து வீட்டுக்கு 25 மீட்டர், வருகிற கார் எல்லாம் புதைகிறது. பேரப்பிள்ளைகளோடு வெள்ளாற்றில் கயாக் ஓட்டும் ஆசையும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தச்சுமேசை:

ஷெட் பற்றி மட்டும் சொல்கிறேன். திறப்பு தெற்கே இருக்கட்டும். உப்பு கிழக்கிலிருந்து கடல்காற்றோடு வருகிறது. கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். வைகாசி, ஆனியில் அனலும் மணலும் மேற்கிலிருந்து வரும். மிச்சம் தெற்குதான். மார்கழியில் தாழ்வான வெயிலும் அந்தப் பக்கமாகவே உள்ளே விழும், வேலை செய்ய வசதி.

கீற்றுக் கொட்டகை உட்கார்ந்து பேச அருமையான இடம். வெல்டிங் பொறி விழுகிற இடத்துக்கு மேலே கீற்று வைக்காதீர்கள், அந்தப் பேச்சே வேண்டாம். ஜிஐ பைப் போடுங்கள். ஆனால் கடலூர் கரையில் ஷெட்டுக்கு எமன் வெயில் இல்லை, காற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது, நினைவிருக்கும். மணிக்கு 140 கி.மீ. காற்றில் 192 சதுர அடி கூரையை மேலே தூக்கும் விசை, ஒரு பக்கம் திறந்திருந்தால், ஏறக்குறைய 2 டன். கூரை கீழே விழாமல் தாங்குவதைப் பற்றித்தான் கொத்தனார் யோசிப்பார். அது மேலே போகாமல் பிடித்து வைப்பது நம் வேலை.

ஆறு தூண் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடி சதுரம், 4 அடி ஆழத்துக்கு கான்கிரீட். அது ஏறக்குறைய 600 கிலோ எடை. தூணுக்கு 350 கிலோ இழுப்பு என்று கணக்கு வந்தாலும் இந்த அளவைக் குறைக்க வேண்டாம். மூலைத் தூண்களில் இழுப்பு அதிகம், மழையில் நிலத்தடி நீர் மேலே வந்தால் நீருக்குள் மூழ்கிய கான்கிரீட்டின் பாரமும் குறைந்துவிடும். மணலில் குழி சரியும், ஆகவே பழைய பேரலை இரண்டு பக்கமும் வெட்டி இறக்கி அதற்குள் ஊற்றலாம் (விட்டம் குறைந்தது ஒன்றே முக்கால் அடி இருந்தால் அதே எடை வரும்). கான்கிரீட் தரைக்கு மேல் 6 இஞ்ச் நிற்கட்டும். பைப்பின் அடி ஈர மணலைத் தொட்டால் முதலில் அங்கேதான் அரித்துப் போகும்.

வெல்டிங் செய்த இடத்தில் ஜிஐ பூச்சு எரிந்துவிடும். அன்றைக்கே கசடு தட்டி, கம்பி பிரஷ் போட்டு, ஜிங்க் ப்ரைமர் இரண்டு கோட். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கடல்காற்றில் விடிவதற்குள் துரு பூத்திருக்கும். அதன் மேல் ப்ரைமர் அடித்துப் பயனில்லை.

ஷீட் 0.5 மி.மீ. கலர் கோட்டிங். குறுக்குச் சட்டம் 3 அடிக்கு ஒன்று. ஸ்க்ரூ எஸ்எஸ் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு, ரப்பர் வாஷரோடு. 304 ரகம் போட்டால் பழுப்புக் கறை படியும். சாதா ஜிஐ ஜே-போல்ட் என்றால் ஷீட் நன்றாக இருக்கும்போதே போல்ட் போய்விடும். ஷீட்டின் நடுப்பகுதியில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ போதும். ஓரங்களிலும் மூலைகளிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ இருக்க வேண்டும், ஷீட் உரிவது அங்கிருந்துதான். வெளியே நீட்டம் ஒரு அடிக்கு மேல் வேண்டாம். தெற்குத் திறப்புக்கு உருளும் ஷட்டர் வேண்டாம், உப்பில் ஸ்பிரிங்கும் சிக்கும் கைடும் சிக்கும். இரட்டைக் கதவு வைத்து, புயல் எச்சரிக்கை வந்தால் உள்ளிருந்து குறுக்குக் கட்டை போடுங்கள். திறந்து கிடந்தால் உள்ளே புகும் காற்றும் சேர்ந்து கூரையைத் தள்ளும்.

சூட்டுக்கு ஷீட் மேலேயே கீற்று பரப்புவார்கள். செய்யலாம், ஆனால் நடுவே 4 இஞ்ச் இடைவெளி வேண்டும், புரட்டாசி முடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். நனைந்த கீற்று ஷீட்டோடு ஒட்டிக் கிடந்தால் ஷீட்டின் ஆயுள் பாதி. வெல்டிங் செய்யும் ஷெட்டில் இதைக்கூட நான் சொல்ல மாட்டேன்.

உளி, இழைப்புளியை மூடிய பெட்டியில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீலம் ரோஸ் ஆனால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம். துடைக்க மிஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும்.

உறைக்கிணறு:

ஐயா, ஷெட்டை அப்புறம் பார்க்கலாம். போர் போடும் முன் நிறுத்துங்கள்.

உங்கள் கரையில் நிலத்தடி நீர் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி நகர்கிறது. செப்டிக் டேங்க் வடமேற்கில், கிணறு வடகிழக்கில் என்றால் கழிவுநீர் நேராகக் கிணற்றுக்குத்தான் போகும். வாஸ்து எழுதியவர் கடல் கிழக்கே இருக்கும் மனையை நினைத்து எழுதவில்லை போலும். டேங்கை மாற்ற முடியாது, கிணற்றைத் தெற்கு ஓரத்துக்குக் கொண்டு போங்கள். 50 சென்ட் சதுரமான மனையாக இருந்தால் பக்கத்துக்கு 45 மீட்டர் வரும், இரண்டுக்கும் நடுவே 30 மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். மணலில் 15 மீட்டருக்குக் குறையவே கூடாது. பக்கத்து மனைக்காரரின் செப்டிக் டேங்க் எங்கே என்றும் மேற்கே எட்டிப் பாருங்கள்.

கடலோர மணலில் மழைநீர் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராக மிதந்து நிற்கும். கணக்கு இதுதான்: கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர். மேலே அரை அடி இறங்கினால் கீழிருந்து 20 அடி உப்பு ஏறும். அதனால்தான் பெரிய மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைக்கிற வீட்டில் முதலில் உப்பு தட்டுகிறது, தள்ளி இருக்கிற சின்ன மோட்டார் வீட்டில் தண்ணீர் நன்றாக இருக்கிறது.

ஆகவே உறைக்கிணறு (கான்கிரீட் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் கிணறு). 4 அடி விட்டம் உறை, தண்ணீர் தாழ்ந்திருக்கும் ஆடியில் இறக்குங்கள். மாசியில் தோண்டினால் அடுத்த கோடையில் வற்றும். உறையைச் சுற்றி 6 இஞ்ச் ஜல்லி, அடியில் ஒரு அடி கூழாங்கல். இதைச் செய்யாமல் விட்டால் இறைக்கும்போது மணலும் சேர்ந்து உள்ளே வரும், வெளியே பொந்து விழும், உறை சாயும். அரை குதிரைத்திறன் மோட்டார் போதும். அதையும் வால்வைப் பாதி மூடி மணிக்கு 500 லிட்டர் அளவில் வையுங்கள்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. நீங்கள் இருவருக்கும் 270 லிட்டர், 12 பேர் என்றால் 1,620. கடலில் குளித்து வந்தவர்கள் மறுபடி குளிப்பார்கள், 2,000 என்று வையுங்கள். அதை ஒரே நேரத்தில் இறைக்காமல் காலை, மதியம், இரவு என்று பிரித்து ஓட்டுங்கள். மாடியில் 2,000 லிட்டர் டேங்க், கீழே 3,000 லிட்டர் சம்ப். விருந்தாளி வருவதற்கு மூன்று நாள் முன்பே நிரப்ப ஆரம்பித்தால் கிணற்றுக்குச் சிரமமே இல்லை. டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) ஒன்று வாங்கி வாரம் ஒரு முறை எழுதி வையுங்கள். 500 வரை குடிக்க நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது தரக்கட்டுப்பாடு. எண் எவ்வளவு என்பதைவிட அது ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழைக்கு 900 லிட்டர் வரும். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தை மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இறக்குங்கள்.

செப்டிக்கின் உறிஞ்சு குழியை ஆழப்படுத்தச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்ததும் ஆழமான குழி நிரம்பி கழிவறை பின்வாங்கும். 3 அடி ஆழத்தில் நீளமான வாய்க்காலாக, ஜல்லி நிரப்பிப் போடுங்கள்.

கெடிலக்கரை:

கார் வழி. கிராவலை நேராக மணலில் கொட்டினால் ஒரு மழைக்காலத்தில் உள்ளே இறங்கி மறைந்துவிடும். முதலில் மணலைத் தண்ணீர் விட்டு அமுக்கி, ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரித்து, மேலே 6 இஞ்ச் செம்மண் கிராவல், ரோலர் ஓட்டி இரண்டு ஓரத்துக்கும் கல் கட்டுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் டயர் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும், இரண்டடி அகலத்தில், மையத்துக்கு மையம் ஐந்தடியில் பேவர் பிளாக். வீட்டருகே திரும்பும் இடத்தை மட்டும் முழுசாகப் போடுங்கள், புதைவது எப்போதும் திருப்பும்போதுதான்.

அதுவரைக்கும்: புதைந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கக் கூடாது. டயர் காற்றை 32லிருந்து 18–20க்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் தென்னை மட்டை போட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக. சாலை ஏறியதும் காற்றை நிரப்பியாக வேண்டும், 12 வோல்ட் பம்ப் வீட்டில் இருக்கட்டும்.

மணல்வீடு:

மூவருக்கும் நன்றி. போர்க்காரரை நிறுத்திவிட்டேன். இன்னொன்று: மேற்கே காம்பவுண்ட் சுவர் எழுப்பினால் மணல் வீசுவது நிற்குமா? சவுக்கு வைத்தால் போதுமா?

உறைக்கிணறு:

சுவர் நிறுத்தாது. காற்று சுவரைத் தாண்டிக் குதித்து, உள்பக்கம் சுழன்று மணலை அங்கேயே கொட்டும். பாதி அடைப்பும் பாதி சந்தும் உள்ள பனை மட்டை வேலி நல்லது, காற்றின் வேகம் குறைந்து மணல் வெளியிலேயே படியும். ஆறடி வேலி ஏறக்குறைய 60 அடிக்குப் பலன் தரும்.

சவுக்கு மேற்கில் மூன்று வரிசை, 2 மீட்டர் இடைவெளி, முன்பின்னாக. ஐப்பசி மழையில் நட்டு முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர். ஆனால் மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் வீட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், புயலில் முறியும். வீட்டுப் பக்கம் புன்னையும் பூவரசும் வையுங்கள். வெறும் மணலில் அடும்புக்கொடியைத் துண்டு துண்டாக வெட்டி ஈர மணலில் புதைத்தால் தானாகப் படரும். புல்தரை ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், கிணற்றைக் குடித்துவிடும்.

வெள்ளாற்றுத் துடுப்பு:

கயாக் கேள்விக்கு யாரும் வரவில்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகம் பழகுவதற்கு நல்ல இடம், ஆனால் முகத்துவாரத்தை விட்டு மேற்கே இருங்கள். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதை நம்பி ஏமாறுகிறார்கள். வற்றும் நேரத்தில் ஆற்று நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாயில் வெளியேறும், எதிரே கடல் அலை. அந்த இடத்தில் அலை செங்குத்தாக எழும்பிச் சின்னப் படகைக் கவிழ்த்துவிடும். ஓத அட்டவணை பார்த்து, ஏறும் நேரத்தில் இறங்கி, முதலில் உள்நோக்கித் துடுப்புப் போடுங்கள். காலை 6 முதல் 9 வரை. வைகாசி, ஆனியில் காலையிலேயே மேல்காற்று கிழக்கே தள்ளும். அந்த நாட்களில் சிறுவர்களோடு இறங்காமல் இருப்பது உத்தமம். லைஃப் ஜாக்கெட் குழந்தையின் எடைக்கு ஏற்றதாக, கால் இடுக்கில் பட்டை உள்ளதாக. பிச்சாவரத்தில் சொந்தப் படகை இறக்க வேண்டாம், அது வனத்துறையின் காடு; அங்கே சுற்றுலாப் படகில் போங்கள்.

தை முதல் பங்குனி வரை இரவில் கடற்கரை நடை போனால் டார்ச் அடிக்காதீர்கள், மணலில் தீ மூட்டாதீர்கள். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிட ஏறும் காலம். வெளிச்சம் கண்டால் தாய் திரும்பிவிடும், குஞ்சுகள் திசை மாறிவிடும். முட்டையைத் தொடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். விருந்தாளிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தச்சுமேசை:

ஷெட்டில் ஒன்று விட்டுப்போயிற்று: எர்த். காய்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. 3 அடிக் குழி, கரி, உப்பு என்று பழைய முறையில் போட்டால் கோடையில் எர்த் இருந்தும் இல்லாத மாதிரி. உப்பு கம்பியையும் அரிக்கும். செம்புப் பூச்சுக் கம்பியை ஈரம் எட்டும் வரை, குறைந்தது 10 அடி, பென்டோனைட் (ஈரம் பிடித்து வைக்கும் களிமண்) சேர்த்து இறக்குங்கள். சித்திரையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், ஐப்பசியில் அளந்தால் எல்லா எர்த்தும் நன்றாகத்தான் காட்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம், மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள்.

கெடிலக்கரை:

வெளியே பாய் விரித்துப் படுக்கும் திட்டம் இருந்தால் கட்டில் போடுங்கள். கட்டுவிரியன் இரவில் தரையில்தான் வரும். தேளுக்கு ஒரு புற ஊதா டார்ச் வாங்குங்கள், அந்த ஒளியில் தேள் பச்சையாக ஒளிரும். குழந்தைகள் உட்காரும் முன் விறகு அடுக்கு, கல் ஓரம் எல்லாம் ஒரு சுற்று அடித்துப் பாருங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, கட்டுவது எதுவும் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். அந்த வழியையும் எண்ணையும் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். ராத்திரியில் கார் மணலில் நிற்காமல், முகப்பு சாலையைப் பார்த்து நிற்கட்டும்.