ஒரே ஒரு சாவி

ஞாயிற்றுக்கிழமை, குடும்பக் குழு

பெரியப்பா (காலை 8.12): அனைவருக்கும் காலை வணக்கம். என் காரின் சாவியை நேற்று இரவிலிருந்து காணவில்லை. கண்ணில் பட்டவர்கள் தெரிவிக்கவும். 2022 நவம்பரில் கார் கையில் கிடைத்தபோது ஒரு சாவியைத்தான் கொடுத்தார்கள் என்பதும், இன்னொன்று பிறகு வரும் என்ற சொல் காற்றோடு போனது என்பதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

நான் (8.20): அப்போது சில்லு (சிப்) பற்றாக்குறை என்று சொன்னார்கள் அல்லவா பெரியப்பா? சாவிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சித்தப்பா (8.31): அந்தச் சாவிக்குள்ளும் ஒரு சில்லு இருக்கிறதம்மா; கதவின் அருகில் போனதும் காரோடு பேசுவது அதுதான். டொயோட்டாவே 2022 அக்டோபரில், ஜப்பானில் கார் வாங்குவோருக்கு இரண்டு மின்னணுச் சாவிகளில் ஒன்றுக்குப் பதிலாகச் சாதாரணச் சாவி தரப்படும் என்று அறிவித்தது.

பெரியப்பா (8.38): இடைத்தரகர்கள் சில்லுகளைப் பதுக்கியதுதான் அத்தனைக்கும் காரணம் என்று எனக்கு ஒரு செய்தி வந்தது. நான் எட்டு மாதம் காத்திருந்தேன். நம் மலேசியாவில் கார்களுக்கான விற்பனை வரி விலக்கு 2022 ஜூன் 30-உடன் முடிந்தாலும், அதற்குள் முன்பதிவு செய்தவர்கள் 2023 மார்ச் 31 வரை காரைப் பதிவு செய்யலாம் என்று அரசாங்கம் அவகாசம் கொடுத்ததால் தப்பித்தேன்; இல்லையென்றால் வரியையும் நானே சுமந்திருப்பேன்.

சித்தப்பா (8.55): பதுக்கல் நடந்தது அண்ணே, மறுக்கவில்லை. தட்டுப்பாடு தெரிந்ததும் பத்து வேண்டியவன் இருபது கேட்டான். ஆனால் அதற்கு முன்பே வினை விதைக்கப்பட்டுவிட்டது. 2020-இன் தொடக்கத்தில் நோய்ப் பரவலால் கார் விற்பனை படுத்தவுடன், கார் நிறுவனங்கள் சில்லுகளுக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களை அவசரமாக ரத்து செய்தன. அதே நேரத்தில் வீட்டுக்குள் அடைந்துகிடந்த உலகம் மடிக்கணினியும் வீடியோ விளையாட்டுக் கருவியும் வாங்கத் தொடங்கியதால், காலியான இடத்தை அந்த ஆர்டர்கள் பிடித்துக்கொண்டன. ஆண்டு முடிவதற்குள் கார் விற்பனை எழுந்துவிட்டது. ஆனால் வரிசையை விட்டு வெளியே போனவர் திரும்பி வந்தால் வாலில்தான் நிற்க வேண்டும். ஒரு வேஃபர், அதாவது சில்லுகள் உருவாகும் வட்டமான சிலிக்கான் தகடு, நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டி வெளியே வருவதற்கே ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். அதன் பிறகுதான் நம் பக்கம் வந்து வெட்டுவது, கம்பி இணைப்பது, உறையிடுவது, சோதிப்பது எல்லாம்.

நான் (9.02): தட்டுப்பாடு என்றால் கூடுதலாக ஒரு ஆலை கட்டியிருக்கலாமே?

சித்தப்பா (9.14): காருக்கு வேண்டியவை பெரும்பாலும் பழைய வகைச் சில்லுகள், அவற்றில் பல எட்டு அங்குல வேஃபரில் தயாராகின்றன. ஆலை எழுந்து உற்பத்திக்கு வர ஆண்டுகள் ஆகும், கிடைப்பதோ சொற்ப லாபம். யார் முதல் போடுவார்? அதனால்தான் சில வெள்ளி மட்டுமே பெறும் ஒரு சில்லுக்காக லட்ச வெள்ளிக் கார்கள் முழுமை பெறாமல் திடலில் வெயில் காய்ந்தன. பிரான்சின் பியூஜோ நிறுவனம் தன் 308 காரில் திரையை எடுத்துவிட்டு, முள் நகரும் பழைய வேகமானியை வைத்து விற்றது. எனக்கு அந்த முள்தான் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

பெரியப்பா (9.17): எனக்கும்தான்.

சித்தப்பா (9.30): பற்றாக்குறைக்குக் கேடும் துணை வந்தது. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் பனிப்புயலில் மின்சாரம் போய், ஆஸ்டினில் சாம்சுங் ஆலை வாரக்கணக்கில் நின்றது. மார்ச் 19 அன்று ஜப்பானின் நாக்காவில் ரெனசாஸ் ஆலை தீப்பிடித்தது. கார்ச் சில்லுகளுக்குப் பேர்போன ஆலை அது. தைவானிலோ 56 ஆண்டுகளில் காணாத வறட்சி. வயலுக்குப் போக வேண்டிய பாசன நீரை நிறுத்தினார்கள், ஆலைகள் லாரியில் தண்ணீர் வரவழைத்தன.

அத்தை (9.41): ஊர்க்கதை எல்லாம் சொல்கிறாய், நம் வீட்டுக் கதையை விட்டுவிட்டாயே தம்பி. உலகில் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில்தான் நடக்கிறது. 1972-இல் பினாங்குத் தீவின் பாயான் லெபாஸில் தொடங்கிய தொழிற்பேட்டையில்தான் நானும் என் இளமையைக் கழித்தேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்திலிருந்து வெளிக்காலுக்கு இழுத்து ஒட்ட வேண்டும். மூச்சு பலமாக வந்தால்கூட கை ஆடும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறினால் எதிரில் இருப்பவரின் முகம் இரண்டாகத் தெரியும். இப்போது அதை இயந்திரம் செய்கிறது, ஆனால் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 2021 ஜூனில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது என் மருமகளின் லைனில் பாதிப் பேருக்கு மேல் வரவில்லை. மூவாரில் ஒரு ஆலையில் நோய் பரவி மூட நேர்ந்தது. நம் நாட்டிலும் வியட்நாமிலும் உதிரிப்பாகங்கள் இப்படி நின்றதால், டொயோட்டா செப்டம்பர் மாத உலக உற்பத்தியில் 40 விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டது. அண்ணனின் கார் தாமதமானதில் நம் தீவுக்கும் பங்கு இருக்கிறது.

நான் (9.52): மடிக்கணினி வாங்கப் போன இடத்தில் நினைவகத்தின் (ரேம்) விலையைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மீண்டும் அதே கதையா?

சித்தப்பா (10.05): வேறு கதை. இம்முறை யாரும் ஆர்டரை ரத்து செய்யவில்லை. செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்காக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்யும் நினைவகம், அதே கொள்ளளவுள்ள சாதாரண நினைவகத்தைவிட மூன்று மடங்கு வேஃபரைத் தின்கிறது, லாபமும் அங்கேதான். நம் பத்து கவானில் ஆலை வைத்திருக்கும் நினைவக நிறுவனமான மைக்ரான், 2025 டிசம்பரில், நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கும் குருசியல் வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்துவிட்டது. படிப்புக்குத் தேவை என்றால் காத்திராமல் வாங்கிவிடு, இப்போதைக்கு விலை இறங்கும் என்று நான் நம்பவில்லை.

பெரியப்பா (10.09): விளக்கத்துக்கு நன்றி தம்பி. ஆனால் என் சாவி இன்னும் கிடைக்கவில்லை.

அத்தை (10.16): நேற்று மகன் காரில் இங்கே குளுகோருக்கு வந்தீர்களே அண்ணே, அப்போது சட்டைப் பையிலிருந்து எடுத்து எங்கள் சாமி மேடையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பத்திரமாக இருக்கிறது. மதிய உணவுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.