முன்கண்ணாடியில் எழுத்து ஓடுவது நல்லதா?

இளவேனில்:
அடுத்த கார் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹெட்-அப் டிஸ்பிளே (சுருக்கமாக எச்யூடி; வேகம், வழி எல்லாம் ஓட்டுநரின் கண்ணெதிரே தெரியவைக்கும் வசதி) இருக்கும் மாடலுக்கும் இல்லாததற்கும் விலையில் நல்ல வித்தியாசம். வேகமும் அம்புக்குறியும் சாலை மேலேயே மிதப்பதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. வீட்டிலோ, "முன்கண்ணாடி ரோட்டைப் பார்க்கவா, படிக்கவா?" என்கிறார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வளவன்:
யோசிக்காமல் வாங்குங்கள். 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. குனிந்து மீட்டரைப் பார்த்து நிமிர்வதற்குள் முன்னால் போகிறவர் பிரேக் போட்டிருப்பார். எனக்கு வயது 52. படிக்கும் கண்ணாடி போடாமல் டாஷ்போர்டு மீட்டரைப் பார்த்தால் மங்கல்தான். எச்யூடி எண்ணோ இரண்டு மீட்டருக்கும் அப்பால், பானட் மேல் நிற்பதுபோல் தெரிகிறது. பளிச்சென்று படிக்க முடிகிறது.

நாடோடி:
வளவன் சார், கண் சாலையில் இருந்தால் மனசும் சாலையில் இருக்கிறது என்று அர்த்தமா? எச்யூடி போர் விமானத்திலிருந்து வந்த சரக்கு. நாசா 1980-இல் விமானிகளை சிமுலேட்டரில் உட்காரவைத்துச் சோதித்தது. எச்யூடியைப் பார்த்துக்கொண்டே தரையிறங்கிய சிலருக்கு, ஓடுபாதையில் குறுக்கே நின்ற விமானமே கண்ணில் படவில்லை. பழகிய விமானிக்கே அந்த நிலைமை என்றால் நாம் எம்மாத்திரம்?

வளவன்:
அவர்கள் பார்த்தது திரை நிறையக் கோடும் குறியும். நான் பார்ப்பது ஒரே ஒரு எண். 1988-லேயே அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் காரில் வந்துவிட்டது இது. புது விஷயம்போல் பயமுறுத்தாதீர்கள்.

நாடோடி:
ஒரு எண்ணோடு நிற்கிறதா? 2020 மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் பத்து மீட்டர் முன்னால் அம்புக்குறி பறக்கிறது. நாளைக்கு வாட்ஸப்பும் வரும், பாருங்கள்.

கிளாஸ்கடைக்காரர்:
கார் கண்ணாடி மாற்றுவதுதான் என் தொழில். நீங்கள் இரண்டு பேரும் பேசாத ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒருத்தர் வந்தார். டிப்பர் லாரியிலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல். வேறொரு இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரணக் கண்ணாடி மாட்டியிருக்கிறார். இப்போது 60 என்ற எண் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டாகத் தெரிகிறது, நிழல் விழுந்ததுபோல.

காரணம் எளிது. கண்ணாடியின் உள்பக்கமும் பிரதிபலிக்கும், வெளிப்பக்கமும் பிரதிபலிக்கும். ஆக இரண்டு பிம்பம். எச்யூடி வண்டிக் கண்ணாடியில் இரண்டு தகட்டுக்கு நடுவே இருக்கும் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலத்தை மேலே கொஞ்சம் தடிமனாகவும் கீழே மெல்லிசாகவும் ஆப்பு மாதிரி செய்திருப்பார்கள். அப்போதுதான் இரண்டு பிம்பமும் ஒன்றாகச் சேரும். கையால் தடவிப் பார்த்தாலும் தெரியாத வித்தியாசம்; பில்லில் நன்றாகவே தெரியும். வாங்குவதற்கு முன் அந்தக் கண்ணாடியின் விலையைக் கேளுங்கள் தம்பி.

இளவேனில்:
அண்ணே, டாஷ்போர்டிலிருந்து சின்னக் கண்ணாடித் துண்டு எழுந்து நிற்குமே, அது?

கிளாஸ்கடைக்காரர்:
2022 பலேனோவில் வந்த மாதிரிதானே? அதில் படம் அந்தத் துண்டில் விழுகிறது. முன்கண்ணாடி உடைந்தால் சாதாரணக் கண்ணாடியே போதும். படம் சின்னது, அவ்வளவுதான்.

நாடோடி:
இன்னொன்று. போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போடுகிறவரா நீங்கள்? கண்ணாடியில் பட்டு வரும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும் ஒளி. கூலிங்கிளாஸ் தடுப்பதும் அதையேதான். எண் மாயமாகிவிடும்.

மின்மினி:
வாகன விளக்கு டிசைன் செய்கிறேன். எச்யூடியைச் சிலர் 'டிரான்ஸ்பரன்ட் டிஸ்பிளே' (ஒளிபுகும் திரை) என்கிறார்கள், அது தப்பு. அது வெறும் பிரதிபலிப்பு. நிஜமான ஒளிபுகும் ஓஎல்இடி (தானே ஒளிரும் மெல்லிய திரை) பலகை ஏறக்குறைய 40% வெளிச்சத்தைத்தான் உள்ளே விடுகிறது. நம் மோட்டார் வாகன விதி முன்கண்ணாடிக்குக் கேட்பது 70%. அந்தப் பலகை 2020-இல் பெய்ஜிங், ஷென்ஜென் மெட்ரோ ரயில்களின் பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனது. பிஎம்டபிள்யூவின் புது ஐஎக்ஸ்3-இல் முன்கண்ணாடியின் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கறுப்புப் பட்டை அடித்து, அதன்மேல் படத்தை விழவைக்கிறார்கள். ஒளிபுகாத இடத்தில் காட்டினால்தான் நன்றாகத் தெரிகிறது, வேடிக்கைதான்!

ஓஎல்இடிக்கு நல்ல இடம் வண்டியின் பின்பக்கம். ஆடி க்யூ6 இ-ட்ரானின் பின்விளக்கில் ஆறு பலகை, தனித்தனியே எரியும் மொத்தம் 360 துண்டுகள். ஆபத்து என்றால் பின்னால் வருகிறவருக்கு எச்சரிக்கை முக்கோணம் காட்டும்.

நாடோடி:
நம் ரோட்டில் பிரேக் விளக்கு எரிகிற வண்டியைப் பார்த்தாலே கும்பிடுகிறேன். முக்கோணத்துக்கு எங்கே போவது?

மின்மினி:
பல்பு எரியாதது பராமரிப்புக் கோளாறு. அதற்காக டிசைனே வேண்டாம் என்பீர்களா?

வளவன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். கல்லடி படும் என்று கண்ணாடியே இல்லாமலா ஓட்டுகிறோம்?

இளவேனில்:
இன்று டெஸ்ட் டிரைவ் போனேன், கூலிங்கிளாஸோடு. நாடோடி சொன்னதுபோல் எண் காணவில்லை. தலையைச் சாய்த்தால் வருகிறது, நிமிர்ந்தால் போகிறது. பக்கத்தில் இருந்த விற்பனையாளர், "கழுத்து வலியா சார்?" என்றார். கழற்றிவிட்டு ஓட்டினேன், வளவன் சார் சொன்னதும் சரிதான், ஒருமுறைகூடக் குனியவில்லை. கடைசியில் கண்ணாடி விலையைக் கேட்டேன். மேனேஜரிடம் விசாரித்துக் கூப்பிடுகிறேன் என்றார். இன்னும் போன் வரவில்லை.